ஞாயிறு அண்ணன் ஏறாத மணிக்கூண்டு

என் வீட்டுக்காரரோடு ஊர் சுற்றக் கிளம்பினால் இவர் முதலில் காட்டுவது கழிப்பறையைத்தான். அருங்காட்சியகம், ஆற்றுப் பாலம், பழைய கடைவீதி எல்லாம் அப்புறம். "எங்க காசில்லாம போகலாம், எங்க தண்ணி பிடிக்கலாம், எந்த பெஞ்சுல உக்காந்தா யாரும் எழுப்ப மாட்டாங்க, இது தெரிஞ்சா பாதி ஊரு தெரிஞ்ச மாதிரி" என்பார். வெளிநாடு வந்து படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். மத்தியானத்துக்குள் அதே பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாக அந்தக் கழிப்பறையைத் தேடிப் போவார்கள்.

நான் இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்தவள். இவர் என் பின்னால் வந்தவர். சொந்த ஊரில் லிஃப்ட் மெக்கானிக். இங்கே இவருடைய சான்றிதழ் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சமைப்பதும் துவைப்பதும் ஜன்னலை வெறிப்பதுமாகச் சில மாதம் கிடந்தார். ஒருநாள் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார் பாருங்கள், அதோடு காலில் சக்கரம் கட்டிக்கொண்டார். எந்தச் சந்தில் சூப் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும், எந்தக் கடையில் முந்தாநாள் எண்ணெயில் மீன் பொரிக்கிறார்கள், எங்கே தேநீர் கேட்டால் கடைக்காரரின் குடும்பக் கதையும் சேர்ந்து வரும், எல்லாம் அத்துப்படி.

என் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, கடையில் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பிஸ்கட்டிலேயே உயிர் வாழ்ந்தாள். அவளை இவர் தலையில் கட்டினேன். அடுத்த வாரம் அவள் தோழிகளையும் கூட்டிவந்தாள். அப்படியே ஞாயிறுதோறும் கூட்டம் சேர்ந்து, 'ஞாயிறு அண்ணன்' என்று இவருக்குப் பெயரும் விழுந்துவிட்டது.

இவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கடையில் யாருக்காகவும் இவர் ஆர்டர் சொல்ல மாட்டார். மொழி தெரியாத பிள்ளை திருதிருவென்று முழிக்கும். இவர் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "வேணுங்கிறத அவங்கவங்க வாயாலதான் கேக்கணும். நானே வாங்கிக் குடுத்தா அடுத்த வாட்டியும் பசியோடதான் நிப்பீங்க." பிஸ்கட் பெண் முதல் நாள் கையைக் காலை ஆட்டிக் கேட்டதில் நாலு பேர் சாப்பிடுகிற மீன் தட்டு வந்து இறங்கியது. இவரும் அவளும் மூக்குமுட்டத் தின்று தீர்த்தார்கள். இப்போது அவள், மீன் ஆறிப்போயிருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்கே நிற்கிறாள்.

இதற்கிடையில் ஊரிலிருந்து பழைய முதலாளி விடாமல் கூப்பிட்டார். மாதக் கடைசிக்குள் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். "போகட்டுமா?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் "உங்க இஷ்டம்" என்றேன். வேலை தெரிந்த மனுஷனை எனக்காக இங்கே முடக்கிப் போட எப்படி மனசு வரும்? இவரும் விமான டிக்கெட் போட்டுவிட்டார். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தச் சமயம் பார்த்துப் பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் தமிழ் அம்மா ஒருவர் இவரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். புதுப் பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட ஆள் வேண்டும். ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், சரிப்பட்டால் சம்பளத்தோடு வேலை என்றார். அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன். ஆய்வகமே கதியென்று கிடந்த எனக்கு இவர் கூட்டத்தோடு போவது அதுதான் முதல்முறை.

கழிப்பறை, குழாய், பெஞ்சு, சூப்புக் கடை என்று கூட்டம் நகர்ந்தது. போகிற கடையெல்லாம் இவரைக் கண்டதும் கையாட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அலுவலகத்து அம்மாவும் மீன் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கடைசியாக மணிக்கூண்டு. இந்த ஊருக்கு வருகிறவர்கள் எதைப் பார்க்காவிட்டாலும் அதில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளாமல் போக மாட்டார்கள்.

"மேலேருந்து பாத்தா என்னென்ன தெரியும் அண்ணா?" என்று பிஸ்கட் பெண் கேட்டாள்.

இவர் தலையைச் சொறிந்தார். "தெரியாதும்மா. நான் இன்னும் ஏறல."

அலுவலகத்து அம்மா நின்றுவிட்டார். "என்ன சார், ஊரையே சுத்திக் காட்டுறீங்க, இதுல ஏறினதே இல்லையா?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆறு தெரியும், பாலம் தெரியும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

"வீட்டுக்காரிகூட ஏறணும்னு விட்டுவச்சிருக்கேன் மேடம்" என்றார் இவர். "அவளுக்குப் படிப்பு வேலை. நேரம் கிடைக்கும்போது ஏறிக்கலாம்னு..."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. கோபம் போன இடம் தெரியவில்லை. "இப்ப ஏறுங்க அண்ணி" என்று பிஸ்கட் பெண் என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

லிஃப்டில் ஏறியதும் இவர் கதவில் காதை வைத்துக் கேட்டு, "கிரீஸ் பத்தல" என்றார். புத்தி போகிற இடத்தைப் பாருங்கள். மேலே போனதும் அந்த மெக்கானிக்கைக் காணோம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தார். "ஏய், அதோ பாரு சூப்புக் கடை! அங்க பாரு, நம்ம பெஞ்சு! அந்தப் பச்சைக் கதவுக்கு மேல நம்ம வீட்டு ஜன்னல்!" தெருத்தெருவாக நடந்து தெரிந்துகொண்ட ஊரை ஒரேயடியாகப் பார்க்கிற சந்தோஷம் அந்த முகத்தில் வழிந்தது. பிள்ளைகள் படம் எடுப்பதை விட்டுவிட்டு இவர் விரலுக்குப் பின்னாலேயே ஓடினார்கள்.

அலுவலகத்து அம்மா பக்கத்தில் வந்தார். "அடுத்த மாசம் புதுப் பிள்ளைங்க வராங்க சார். நீங்க இங்க இருப்பீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். "போகட்டுமா, இருக்கட்டுமா?"

'உங்க இஷ்டம்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இவர் கடையில் நிற்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இருங்க" என்றேன். "எனக்கு நீங்க இங்க வேணும்."

காற்றில் கேட்டிருக்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.