மரக்காலும் மரக்கலமும்

கப்பல் என்றால் மிகை. தோணி என்றால் குறை. எங்கள் தென்னந்தோப்பில் நிற்கும் பழைய மோட்டார்ப் படகுக்கு இரண்டும் பொருந்தாமையால் 'மரக்கலம்' என்னும் சொல்லை நான் தேர்ந்தெடுத்தேன். பள்ளியில் அதிகம் பயிலாது, புத்தகங்களின் துணையால் தமிழ் கற்றவனுக்கு இத்தகைய சொற்கள்மீது ஒரு தனிப்பற்று உண்டு.

கம்பம் நகரில் ஆயில் என்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒருவர், தம் ஷெட்டில் கிடந்த டீசல் என்ஜினைப் பார்க்க அழைத்தார். போய்ப் பார்த்தால், என்ஜினைச் சுற்றி ஒரு படகு இருந்தது.

தேக்குப் பலகையில் செம்பு ஆணி அறைந்து கொச்சித் தச்சர்கள் கட்டியது அது. சன்னல் வைத்த அறை, பித்தளைக் கைப்பிடிகள், படுக்க இரண்டு பலகைகள். அவருடைய தந்தையார் விருந்தினரை ஏற்றிக்கொண்டு காயலில் உலாப் போவாராம். தோட்டம் வாங்கி மலைக்குக் குடிவந்தபோது, பிரிய மனமின்றிப் படகையும் உடன் கொண்டுவந்தார். மிதக்கவிடத்தான் அங்கே நீரில்லை. பல்லாண்டுகள் அது ஏலக்காய் மணத்திலேயே நங்கூரமிட்டிருந்தது.

மகன் அதை விற்கத் துணிந்திருந்தார். வாங்க வந்திருந்தவர் கம்பத்தில் மர அறுவை மில் நடத்தும் என் நண்பர். ஊரார்க்கு அவர் பாய்.

"தேக்குண்ணே. அறுத்தா நாலஞ்சு நிலைக்கதவு தேறும்" என்று பலகையைத் தட்டினார்.

அந்த ஓசை என் நெஞ்சில் விழுந்தது. நானே வாங்கிக்கொள்வதாக அறிவித்தேன்.

"எங்கன நிறுத்துவீக? தோப்பு மதினி பேருல இருக்கு. அவுக வேணாம்னா லாரி நேரா மில்லுக்குத்தான் வரணும். சம்மதமா?"

சம்மதித்தேன். மனைவியைத் தொலைபேசியில் அழைத்து, "மரக்கலம் ஒன்று வாங்கியுள்ளேன். இடம் ஒதுக்கி வை" என்றேன். மலைச்சாலையில் இணைப்பு அறுந்துபோயிற்று.

படகை லாரியில் ஏற்றிவந்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் தேநீருக்கு இறங்கியபோது கடைக்காரர் அதை அண்ணாந்து பார்த்து, "என்னண்ணே, மழை அம்புட்டா பெய்யப் போகுது?" என்றார். பாய் மட்டும் சிரித்தார்.

தோப்பு வாசலில் என் மனைவி குங்குமச் சிமிழுடன் நின்றிருந்தாள். சாமி அலமாரிக்கு அருகே முக்காலி போட்டு, கோலமும் இட்டிருந்தாளாம். லாரியின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"எங்கங்க மரக்கால்?"

அவளுடைய தாய்வீட்டில் நெல் அளக்கும் பழைய மர மரக்கால் ஒன்று இருந்தது. பாகப்பிரிவினையில் அது அக்காளுக்குப் போய்விட்டது. அதுபோல் ஒன்று வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டுவந்தவள் அவள். என் வாயிலிருந்து புறப்பட்ட சொல் எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"இதான் மதினி" என்று பாய் மேலே காட்டினார்.

"என்ன பாய், வெளையாடுறீகளா? இது படகுல்ல!"

"அண்ணன் மரக்கலம்னுதான் சொன்னாக. மலையிறங்குறதுக்குள்ள கலத்துக்குக் கால் மொளச்சிருச்சு."

அவள் குங்குமச் சிமிழை மூடினாள். பாய் ஓட்டுநரைப் பார்த்து, "வண்டியத் திருப்பு, மில்லுக்கு" என்றார். 

"இருங்க" என்றாள். சேலையைச் செருகிக்கொண்டு லாரியில் ஏறி, படகின் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"மழைக்கு ஒழுகுமா?"

"தண்ணியிலயே நின்னது மதினி, மழைக்கா ஒழுகும்?" என்று பாய் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போன அறுப்புல நெல்லு மூட்டையெல்லாம் நனஞ்சு மொளச்சுப் போச்சு. இது ஆகும். எறக்குங்க."

"அப்ப என் நிலைக்கதவு?"

"காப்பி தாரேன், குடிச்சிட்டுப் போங்க."

மரக்காலுக்கென்று கொண்டுவந்த குங்குமத்தைப் படகின் மூக்கில் வைத்தாள். தென்னைகளுக்கிடையே கல் அடுக்கி, அதன்மேல் படகை நிறுத்தினோம்.

இப்போது அந்த அறை நிறைய நெல் மூட்டைகள். யாரேனும் நெல் கேட்டு வந்தால், "மரக்கால்ல கெடக்கு, எடுத்துக்கிருங்க" என்கிறாள். மரக்கலம் என்று சிலமுறை திருத்தினேன். "நெல்லு கெடந்தா அது மரக்கால்தான்" என்று தீர்ப்பளித்துவிட்டாள்.

முக்காலி மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது. நல்ல மரக்கால் ஒன்று சின்னமனூரில் இருப்பதாகக் கேள்வி. தாமும் உடன் வருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார்.

"தனியாப் போகாதீகண்ணே. இன்னொன்னு லாரியில வந்துறக் கூடாதுல்ல."