அந்தக் கேட்டுக்கு அவர் பெயர் வேண்டாம்

சூலூரில் மகள் வீட்டில் இருந்தபோது பிலோமினாவின் ஃபோன் வந்தது. பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தத்தில் முதலில் எதுவும் விளங்கவில்லை. "சத்தமாப் பேசு அம்மணி" என்றேன். "அவரு போயிட்டாருங்ணா" என்றார். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்தினார். கணவர் இறந்த செய்தியை ஒரு பெண் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கோவைக்கு வரும் பேருந்தில் வழியெல்லாம் அந்தக் குரல்தான் காதில் இருந்தது.

வந்து சேர்ந்த பிறகுதான் மீதியைச் சொன்னார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் போன பிறகு ஆரோக்கியசாமிக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, லிஃப்டில் இறக்கி, எங்கள் பின்பக்கக் கட்டடத்துக்கும் முன்பக்கத்து வசதியான வீடுகளுக்கும் நடுவிலுள்ள மதிலின் கேட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டிலிருந்து நேராக உள்ளே வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் நாற்காலியில் அவர். நடுவில் பூட்டு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்காகக் காலையில் திறக்கும் கேட், அவர்கள் போனதும் பூட்டப்பட்டுவிட்டது. சாவியை வைத்திருந்த முன்பக்கத்து மேனேஜர் குடும்பத்தோடு ஆனைமலைக்குச் சாமி கும்பிடப் போயிருந்தார். காவலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரிடம் சாவி இல்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் திரும்பி, ரோட்டுக்குப் போய், சாக்கடைப் பள்ளத்தை ஒட்டிய சந்துக்குள் நுழைந்து, பின்பக்கமாக வந்து சேர்ந்தது.

கேட் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. அடக்கத் திருப்பலியில் பங்குச் சாமியார், ஆண்டவர் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார் என்றார். இருக்கட்டும். அழைத்துப்போக வந்த வண்டி எங்கே நின்றது என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். அவரை அறிந்த உங்களுக்கு அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கோவையில் கணபதிப் பகுதிக்குப் பக்கத்தில் வாரியம் கட்டிய பழைய குடியிருப்பில் அவரும் நானும் எதிரெதிர் வீடு. நான் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் நானே படித்துக்கொண்டேன். அவர் டவுன் பஸ் கண்டக்டர். எனக்கு வயது சற்றுக் கூடுதல் என்பதால் நான் அவருக்கு அண்ணன்; அவர் எனக்குக் கடைசிவரை கண்டக்டர்தான். எங்களுக்குள் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. அதனாலேயே தினமும் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

கட்டடம் கெட்டுப்போயிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. கூரைக் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. மழைக்காலத்தில் சுவரைத் தொட்டால் கரண்ட் அடித்தது. ஒரு நாள் மேல்மாடியில் தளத்தின் பெரிய துண்டு ஒன்று ஒரு கட்டிலின் மேல் விழுந்தது. அந்தக் கட்டிலுக்குரிய அம்மாள் நல்லவேளையாக ரேஷன் கடைக்குப் போயிருந்தார். அன்று மாலையே தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டோம். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதாக வாரியம் சொல்லியிருந்தது. நிலத்தின் ஒரு பகுதியில் வசதியானவர்களுக்கு வீடு கட்டி விற்பார்கள், அந்தக் காசில் எங்களுக்கும் வீடு கட்டித் தருவார்கள். எல்லாத் தரப்பினரும் கலந்து வாழும் குடியிருப்பு என்று வழவழப்பான தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் மரமும் ஊஞ்சலும் இருந்தன. யாரும் காலி செய்யக் கூடாது என்றேன் நான். இருக்கிறதைப் பழுது பார்க்கட்டும், வெளியே போனால் போனதுதான் என்றேன்.

"அண்ணன் சொல்றது நெசந்தானுங்க" என்று ஆரோக்கியசாமி எழுந்தார். "ஆனா மேல இருந்து உழுகறது அண்ணன் தலையில உழுந்தா காரைக்குத்தானுங்க சேதம். மத்தவங்களுக்கு அப்படி இல்லீங்களே."

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். "பஸ்ஸுல ஏர்றவங்கள நான் பார்த்திருக்கறனுங்க. நகைக்கடைக்காரரும் ஏறுவாரு, பூக்கூடைக்கார அம்மணியும் ஏறும். ஒருத்தரை ஒருத்தருக்குப் புடிக்காது. ஆனா டிரைவர் பிரேக் புடிச்சா ஒருத்தர் மேல ஒருத்தர்தானுங்க உழுகோணும். பக்கத்துல நின்னாத்தானுங்க பழகும். அவங்களும் வரட்டும். நம்ம புள்ளைகளும் அவங்க புள்ளைகளும் ஒரே எடத்துல வெளையாடட்டும்."

கை தூக்கச் சொன்னார்கள். நான் தோற்றேன்.

திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் அடுத்த வாரமே கண்டக்டர் வீட்டுக்கு வந்தார். பணிவாகப் பேசினார். ஆரோக்கியசாமியை அண்ணா என்றே கூப்பிட்டார். மூன்று வாக்குறுதி கொடுத்தார்: எல்லாருக்கும் ஒரே வாசல். நடுவில் சுவர் கிடையாது. எங்கள் வீடுகள் தனிக் கட்டடமாக இல்லாமல், விற்கும் வீடுகளோடு எல்லா மாடிகளிலும் கலந்து வரும். பிலோமினா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். எழுதி வாங்கு என்று நான் கண்டக்டரின் முழங்காலை இடித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

அதிகாரி போனதும் சண்டை பிடித்தேன்.

"ஏனுங்ணா, ஊட்டுக்கு வந்து, மறுக்கா கேட்டு வாங்கிக் காப்பி குடிச்ச மனுசன். அவருகிட்ட எழுதிக் குடுங்கன்னு கேட்டா, உங்களை நம்பலைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிராதுங்களா?"

"ஆகட்டும்."

"கட்டுன பொண்டாட்டிகிட்ட பாண்டு பேப்பருல எழுதியா வாங்குனீங்க?"

"வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றேன். சமையலறையில் பிலோமினா சிரிப்பது கேட்டது.

இது ஆரோக்கியசாமி ஒருவருடைய தவறில்லை. இந்த ஊர் முழுக்கவே இப்படித்தான். வீட்டுப் படியேறி வந்து நம் கையால் ஒரு வாய் குடித்தவன் நம்மைக் கைவிட மாட்டான் என்று நினைக்கிறோம். விருந்தாளியிடம் சந்தேகத்தைக் காட்டுவதைவிட ஏமாந்துபோவது கௌரவம் என்று நினைக்கிறோம். நம்மை ஏமாற்ற வருகிறவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் ஆபீசுக்குக் கூப்பிடாமல் வீட்டுக்கு வருகிறார்கள்.

வாடகைக்கு வீடு தேடி ஆளுக்கொரு திசையில் போனோம். நான் சூலூருக்குப் போனேன். கட்டி முடிப்பதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, அப்படி எதுவும் இதில் இல்லையே என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்பில் இல்லைதான்.

சாவி கொடுத்த நாளில் மேடை, மாலை, மைக் எல்லாம் இருந்தன. முன்னால் விற்பதற்கென்று கட்டிய இரண்டு கோபுரங்கள். அவற்றுக்குப் பின்னால், சாக்கடைப் பள்ளத்தின் ஓரமாக, எங்களுக்கென்று சி பிளாக். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு மதில். ஊஞ்சலும் மரமும் மதிலுக்கு அந்தப் பக்கம். மைக்கில் சமத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியசாமி மதிலின் அருகே போய், ஓடத் தயாராக நிற்கும் பஸ்ஸைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். வீட்டின் பின்புறத்தை எங்கள் பக்கம் பொடக்காலி என்போம். "பாருங்ணா, பாத்திரம் கழுவற எடத்துல நம்மளக் குடி வெச்சுப்போட்டாங்க. பொடக்காலிக்கு லிஃப்டு வேற" என்றார்.

மதிலில் ஒரு கேட் இருந்தது. அது எங்களுக்காக வைத்ததில்லை. முன்பக்கத்து வீடுகளுக்குச் சமைக்கவும் துடைக்கவும் ஆள் வேண்டுமே! சி பிளாக் பெண்கள் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுக் காலையில் போவார்கள். மாலையில் ஒருமுறை திறப்பார்கள், திரும்பி வருவார்கள். கலந்து வாழ்வது என்று தாளில் அச்சடித்திருந்ததற்கு இதுதான் அர்த்தம் என்று தெரிந்துகொண்டோம். பிலோமினாவிடமும் அட்டை இருந்தது. "எம்பட ஊட்டுக்காரிகிட்டப் பாஸ் இருக்குதுங்ணா" என்று ஆரோக்கியசாமி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்சுக் குடுத்தவன், இப்ப வித்தவுட்டுல நிக்கறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரோ ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சந்து வழியாக ரோட்டைச் சுற்றிப் போய், முன்வாசலில் விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு வீடாக மணி அடித்தார். "நான் பின்னாடி ஊட்டுக்காரனுங்க. சும்மா பாத்துப்போட்டுப் போலாமுன்னு வந்தனுங்க." சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே பேசினார்கள். இரண்டு மாதத்துக்குள் முன்பக்கத்துச் சங்கம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியது: வெளியாட்கள் மணி அடிப்பது தடை செய்யப்பட்டுள்ளது. "பஸ்ஸுல விசிலு அடிச்சப்ப ஒருத்தரும் கோவிச்சுக்கலீங்ணா. பெல்லு அடிச்சாக் கோவிக்கறாங்க" என்றார்.

அவர் பிறந்த மண்ணில் அவர் வெளியாள். அந்தத் தாளைப் படித்த அன்று பூட்டை உடைத்துவிடலாம் என்று சொன்னேன். பட்டறையில் இருந்தவனுக்கு ஒரு பூட்டு எம்மாத்திரம். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவரும் கோபப்படுவார் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"ஒடைச்சுப்போட்டு என்ன பண்ணுவீங்க? நாளைக்குக் கேட்டைப் புடுங்கிப்போட்டு அந்த எடத்தையும் செவுரு வெச்சு அடைச்சுப்போடுவாங்க. கேட்டுன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் தொறன்னு சொல்லலாமுங்க. செவுத்தைப் பாத்து என்னன்னு சொல்றது?"

அவர் சொன்னவற்றில் நான் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான். அதன்பின் இருவரும் சேர்ந்தே மனு கொண்டுபோனோம். அவர் எல்லா நாற்காலிக்கும் கும்பிடு போட்டார். நான் போடவில்லை. இரண்டுக்கும் ஒரே பலன்தான் கிடைத்தது.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் முன்பக்கத்துச் சங்கத் தலைவர் இரண்டு பேரோடு பிலோமினாவைப் பார்க்க வந்தார். அவர்களுக்குக் கேட் திறந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். ஆரோக்கியசாமியின் படத்துக்கு மாலை போட்டார்கள். கண் கலங்கினார்கள், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"அண்ணனுக்கு எதாச்சும் செய்யோணுமுங்க அம்மா" என்றார் தலைவர். "இந்தக் கேட்டுக்கு அவரு பேரை வெக்கலாமுன்னு கமிட்டியில முடிவு பண்ணியிருக்கறமுங்க. கிரானைட்டுல போட்டுரலாமுங்க."

"சாவி ஆருகிட்ட இருக்கும்?" என்று நான் கேட்டேன்.

"அது செக்யூரிட்டி விஷயமுங்க. அது தனி."

"அப்பப் பேரு வெச்ச பொறகும் பூட்டுவீங்க."

"எல்லாம் படிப்படியாப் பண்ணலாமுங்க ஐயா. இன்னிக்கு அதைப் பேச வேண்டாமே. எங்க வார்த்தையை நம்புங்க."

நான் எழுந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பிலோமினா கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அந்தத் தலைவர் வீட்டில்தான் அவர் சமையல் வேலை பார்த்தார்.

"சாமி, அவரு கேட்டுக்கு இக்கட்டால உக்காந்திருந்தப்ப நான் அக்கட்டால உங்க ஊட்டு அடுப்புலதானுங்க தோசை வாத்துட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடியாந்தனுங்க. கம்பிக்குள்ள கையை உட்டுத்தானுங்க அவரு கையைப் புடிச்சேன். அந்தக் கேட்டுல அவரு பேரை எழுதிப்போடாதீங்க."

எழுந்து போய், அலமாரியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வந்து தலைவர் முன்னால் ஸ்டூலில் வைத்தார். "அம்மா, அது வேற, இது வேறங்க" என்றார் தலைவர். பிலோமினா அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தச் சம்பளம் தேவை. இப்போது இரண்டு பஸ் மாறி வேறு இடத்துக்கு வேலைக்குப் போகிறார். மற்ற பெண்களிடம் நீங்களும் விடுங்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. யாருக்கும் வீட்டில் அரிசி சும்மா வருவதில்லை.

இறந்தவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாய் என்று என்னைக் கேட்டால், அவருடைய பணிவை எடுத்துக்கொள்ளவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எனக்கு வராது. அதனால் நாங்கள் இழந்ததும் போதும். ஆட்களைச் சிரிக்கவைத்துக் கூட்டிச் சேர்க்கும் திறமையை எடுத்துக்கொள்ள ஆசைதான், அதுவும் வரவில்லை. நான் கூப்பிட்டால் கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வருகிறார்கள்.

எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. இத்தனை காலமும் நான் அதை 'அவங்க கேட்டு' என்றே சொல்லிவந்தேன். கோபமாகச் சொன்னாலும், அப்படிச் சொன்னதிலேயே பாதியை விட்டுக்கொடுத்துவிட்டிருந்தேன். ஆரோக்கியசாமி ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. காவலாளியிடமும் சரி, அதிகாரியிடமும் சரி, என்னிடமும் சரி, அவருக்கு அது எப்போதும் 'நம்ம கேட்டு'தான். அதை அவருடைய பேதைமை என்று நான் நினைத்திருந்தேன். அவர் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கவே இல்லை என்பது இப்போது புரிகிறது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோம். நான்தான் எழுதினேன். அதன் முதல் வரி: எங்கள் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.