விண்ணப்பத்தில் ஏறிய சாமி

அந்த ஆதார் ஜெராக்ஸ்களில் வெந்த மஞ்சள் வாசம் அடிக்கும்...

நாமகிரிப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். ஆத்தூர்க்காரியான எனக்கு அதுதான் முதல் வேலை. சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விவசாயிகளுக்கு அரசு உதவித்தொகை நேராக பேங்க்கில் ஏறும் என்று செய்தி வந்தது. அவ்வளவுதான், மாசி வெயிலில் ரோடு வரைக்கும் கியூ!

மஞ்சள் வேகவைத்த கையோடு வந்து நிற்பார்கள். அந்தத் தாள்களைத் தொட்டுத் தொட்டு என் கீபோர்டே மஞ்சளாகிவிட்டது. ஜெராக்ஸில் பெயர் கறுப்பாக அப்பியிருக்கும். அதனால் வாயால் கேட்டே அடிப்பேன்.

"பேரு சொல்லுங்கம்மா."

"நல்லம்மாள் சாமி."

சாமி என்பது வீட்டுக்காரர் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, அதையும் சேர்த்து அடித்துவிட்டேன்.

மற்றவர்களுக்கெல்லாம் பணம் ஏறியது. நல்லம்மாளுக்கு மட்டும் வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனுஷி. முக்கால் ஏக்கர் மஞ்சளை ஒண்டியாகப் பார்ப்பவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறி வருவார்.

"இன்னும் ஏறலியே சாமி. காட்டுல களை மண்டிக் கெடக்குது. ஆளு உட்டு எடுக்கோணும்... அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கறேன்."

"சர்வர் ப்ராப்ளம்மா. வரும், போங்க."

எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

"செரி, வாரேன் சாமி." கோபமே வராது அவருக்கு.

மூன்றாவது முறை வந்தபோது ஆடி மாதம். சென்டர் படியில் தெருநாய் ஒன்று குறுக்கே படுத்திருந்தது. நல்லம்மாள் அதைப் பார்த்து, "அட, தள்ளிப் படு சாமி" என்றார்.

நாய்க்கும் சாமியா! குபீரென்று சிரித்தேன். அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. அவசரமாக விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். 'நல்லம்மாள் சாமி'. அவர் கையிலிருந்த அசல் ஆதாரில் வெறும் நல்லம்மாள்.

அடிப்பாவி... சர்வரும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் நான் செய்த வேலை.

"தப்பு என்னோடதும்மா. நீங்க என்னைத்தான் சாமின்னு கூப்பிட்டீங்க. நான் அதையும் உங்க பேருன்னு அடிச்சுட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

நல்லம்மாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு.

"இதுக்குப் போயி அழுவாங்களா? அந்த சாமிய அழிச்சுப்போடு சாமி!"

திருத்தி அனுப்பினேன். ஐப்பசியில் ஒரு நாள் தெருவிலிருந்தே குரல் கேட்டது. "ஏறிருச்சு சாமி!" கையில் ஒரு பை அவரைக்காய், எனக்கு.

ஆனால் களையை அதற்குள் ஒண்டியாகவே பிடுங்கி முடித்திருந்தார். பையை நீட்டிய கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

இப்போது நான் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். உதவித்தொகை வேலையெல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. முகத்தைக் காட்டினால் போதும். பெயர் கேட்க ஆள் வேண்டாம், தப்பாக அடிக்கவும் ஆள் இல்லை. நல்லதுதான்...

போன வாரம் கிளினிக்கில் டோக்கன் எழுதிய பெண், நிமிராமலே பெயர் கேட்டாள்.

"செல்வி, சாமி" என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

'செல்வி சாமி'.

திருத்தச் சொல்ல வாய் வரவில்லை.