குன்று காட்டிய செயலி

ஞாயிறுகளில் காட்டுவழி நடப்பதற்காக, மேடு பள்ளம் காட்டும் வரைபடச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கினேன். இந்த மாதம்தான் புதுப்பித்தோம் என்று அதில் பீற்றல் வேறு. திண்டிவனம் பக்கம் அது காட்டிய குன்றில் ஏற மனைவியோடு போனேன். அங்கே தண்ணீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளம்தான் இருந்தது. பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டைக்குக் களையெடுத்த ஓர் அம்மாவிடம் விசாரித்தேன்.

"அந்த மலையவா தேடிக்கினு வந்தீங்க? அத ஒடச்சி ஜல்லியாக்கி லாரில ஏத்திக்கினு போயி பல வருஷம் ஆவுதுங்க," என்றார்.

செயலியோ, நேராக நடந்தால் உச்சி என்று என்னைப் பள்ளத்துக்குள் அனுப்பப் பார்த்தது. மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

விழுப்புரம் திரும்பியதும் அந்த நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். செயலியைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. புதுப்பித்தேன். குன்றுக்கு இப்போது பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள்.