கரைக்குக் கீழே ஈரம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கோடையில் ஏரி வற்றியது. நானும் நாயும் அதன் தரையிலேயே நடந்தோம்.
2. ஆவணியில் மாலை மழை விடாமல் பெய்து ஏரி நிரம்பியது.
3. எங்கள் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், ஏரி வழியும் கலங்கலின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள்.
4. மழையே இல்லாத ஒரு வாரத்தில், கரைக்கு வெளிப்புறம், அடிவாரத்தில் நாய் தண்ணீர் குடித்தது.
5. அந்தத் தண்ணீர் தெளிவாக இருந்தது.
6. பிறகு அதில் மண் வந்தது.

ஆறாவது நடந்த பிறகுதான் மற்ற ஐந்தையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தேன்.

ஆவடிப் பக்கம் வாடகைக்கு வந்தபோது என்னிடம் நாய் இல்லை. வானகரத்தில் பைபாஸ் ஓரம், தேங்கிய தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்ற குட்டியை ஒரு மாலை எடுத்து வந்தேன். சாலையோரத்தில் பிறந்ததாலோ என்னவோ, அதற்குக் கூட்டம் ஆகாது. பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நல்ல நடைபாதை இருக்கிறது. ஆனால் காலையில் அங்கே பாதி ஆவடியும் நடக்கும். கடற்கரை நகரத்தின் மறுகோடியில். நாயோடு போய்வந்தால் ஒரு விடுமுறை முழுவதும் அதிலேயே போய்விடும். அதனால் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய பாதைகளைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஏரி. அதற்கும் பெயர் உண்டு. இங்கே அது வேண்டாம்.

கோடையில் அந்த ஏரிதான் எங்களுக்குக் கடற்கரை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, வெளுத்த நத்தை ஓடுகளும் நுண்மணலும் தெரியும். அதைத் தாண்டினால் வெடித்த களிமண். அதில் ஒற்றைச் செருப்புகள், குடங்கள், போன வருடம் கரைத்த பிள்ளையார்களின் கம்பிச் சட்டங்கள். நாய் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கும். நான் கரையையும் பார்ப்பேன். படித்தது சிவில், வேலை பார்ப்பது மென்பொருளில் பிழை தேடுவது. கல்லூரியில் மண்ணைப் பற்றிப் படித்ததெல்லாம் பயன்படாமல் கிடந்தது. காலை நடையில் மட்டும் அதற்குக் கொஞ்சம் வேலை இருந்தது.

மண்ணைக் கொட்டி உயர்த்திய பழைய கரை அது. மேலே பனைமரங்களும் சீமைக்கருவேலமும். அதன் ஒரு முனையில் கலங்கல்: ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வாய்க்காலில் போவதற்காகத் தாழ்வாகக் கட்டிய கல் சுவர். கரையை விட அது தாழ்வாக இருப்பதால்தான் கரை பிழைத்திருக்கிறது. மறுமுனையில், கரையின் வெளிப்புறச் சரிவை ஒட்டி, ஒரு வரிசை வீடுகள்.

ஆவணி மழையில் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கியதும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. இவ்வளவு தண்ணீர் வீணாகப் போகிறதே என்று ஒருவர் எழுதினார். போன கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரிக்காகக் காத்திருந்து, குளிக்காமல் வேலைக்குப் போனவர்கள் நாங்கள். திருச்சி, ஈரோடு, நெல்லை என்று எங்கெங்கிருந்தோ வந்து, என்னைப் போல வாடகைக்கு இருக்கும் சிலரைத் தவிர, முப்பது வருடக் கடனில் வீடு வாங்கியவர்கள். ஏரியில் ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நின்றால் கிணற்றில் ஊற்று வற்றாது என்று யாரோ கணக்குச் சொன்னார்கள். தப்பான கணக்கில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கைலி, டிராக் பேன்ட் சகிதம் போய், கலங்கலின் மேல் வரிசையாக மூட்டைகளை அடுக்கினார்கள். பொங்கல், வடை வந்தது. குழந்தைகள் பதாகை பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டன. அன்று நானும் நாயும் கரையின் மறுபக்கம் நடந்துகொண்டிருந்தோம். அந்தச் சிரிப்புச் சத்தம் தண்ணீரின் மேல் எங்கள்வரை வந்தது.

ஏரி உயர்ந்தது. கரையின் உட்புறச் சரிவில் நாங்கள் இறங்கி நடக்கும் தடம் மூழ்கியது. அதனால் வெளிப்புற அடிவாரத்தில், வீடுகளின் பின்பக்கமாகப் போகும் ஒற்றையடிப் பாதைக்கு மாறினோம். அங்கேதான் நாய் வாரை இழுத்துக்கொண்டு போய் ஒரு குழியில் வாய் வைத்தது. மண் காய்ந்து புழுதி பறந்த வாரம் அது.

செங்கல் சுற்றி வைத்த சின்னக் குழி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக்கும் துவைக்கிற கல்லும் இருந்தன. வீட்டின் பின்கதவிலிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, உன் நாய்க்கு ஊட்ல தண்ணி வெக்க மாட்டியா? என் ஊத்துல வந்து வாய வெக்கிது."

மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, குடிக்கட்டும் விடு என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவர் கரையான்சாவடி வழியாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண்கள், பெரியவள் பத்தாவது. வாசலில் போன கிறிஸ்துமஸின் காகித நட்சத்திரம் வெளுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஊற்று எப்போது வந்தது என்று கேட்டேன். இந்த மாதம்தான் என்றார். "கர்த்தரா பாத்து குடுத்தாரு. இத்தினி வருசம் கொடத்த தூக்கினு லாரி பின்னால ஓடுனேன். இப்போ ஊட்டாண்டையே வருது பாரு."

அது கரை வழியாகக் கசியும் ஏரித் தண்ணீர் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. பழைய கரைகளில் கசிவு சாதாரணம். தண்ணீர் தெளிவாக வரும்வரை பயமில்லை என்று படித்திருக்கிறேன். ஆனால் தினமும் அந்த வழியாகவே நடந்தேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் குழித் தண்ணீரைப் பிடித்து, வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு, சாயங்காலம் அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றும் தங்காது. இப்படியே பத்துப் பதினைந்து நாட்கள் போயின. அக்கா தினமும் நாயிடம் ஏதாவது பேசுவார். மீன் கழுவிய நாட்களில் தலையை எடுத்து வைத்திருப்பார்.

ஒரு நாள் காலையில் குழிக்குப் பக்கத்தில் போன நாய் குடிக்கவில்லை. தலையைச் சாய்த்துத் தரையைக் கேட்பது போல நின்றது. பிறகு பின்பக்கமாக நகர்ந்து என் முழங்காலில் வந்து முட்டியது. குழியின் நடுவில் தண்ணீர் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி எறும்புப் புற்றின் வாய் போல நுண்மணல் வளையம். அன்று சாயங்காலம் பாட்டிலின் அடியில் விரல் தடிமனுக்குச் சிவந்த மண் படிந்திருந்தது.

தண்ணீர் மட்டும் வந்தால் அது கசிவு. தண்ணீரோடு மண்ணும் வந்தால், கரை உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து பார்த்தால் கரை முழுசாகத்தான் இருக்கும். புல் இருக்கும், பனை இருக்கும், மேலே ஆட்கள் நடப்பார்கள். உள்ளே ஒரு குழாய் போல வழி உண்டாகி, கொஞ்சம் கொஞ்சமாக ஏரியை நோக்கி நீளும். அது ஏரியைத் தொடும்போது யாருக்கும் நேரம் இருக்காது. அப்போது புரட்டாசி. பெரிய மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

குடியிருப்போர் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசினேன். மூட்டைகளை எடுத்தால் நீர்மட்டம் குறையும், அழுத்தம் குறையும், இப்போதைக்கு நம் கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றேன். பாட்டிலையும் காட்டினேன். செயலாளர் ஈரோட்டுக்காரர், பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க டெனன்ட்டுங்களா, ஓனருங்களாம்மா?"

"டெனன்ட் சார்."

"அதுதானுங்க. தண்ணி இல்லீன்னா நீங்க வேற ஊடு பாத்துக்குவீங்க. நாங்க எங்க போறதுங்க? ஏரி நம்ம தாத்தன் காலத்துல இருந்து நிக்குது. நாலு மூட்டை வெச்சா விழுந்துருமுங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியே நாயை லிஃப்ட்டில் ஏற்றுவதைப் பற்றியும் பேசிவிடலாமே என்றார். சிரித்தார்கள். மூட்டை விஷயம் கோடைக்குப் பிறகு பார்க்கலாம் என்று முடிந்தது.

அடுத்த வழி, ஏரியைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதுவது. எழுதுவதற்கு முன் அக்காவிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. ஊற்று எங்கிருந்து வருகிறது என்பதை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் குழியையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். கரையின் உச்சி அவர் வீட்டுக் கூரையை விட உயரம்.

பிறகு, "எழுதாதம்மா" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"ஆபீசுக்கு எழுதுனா, மொதல்ல மூட்டையவா எடுப்பாங்கோ? எங்க ஊட்டதான் எடுப்பாங்கோ."

ரேஷன் அட்டை உண்டு, மின் இணைப்பு உண்டு, வீட்டு வரி ரசீது உண்டு. பட்டா மட்டும் இல்லை. ஏரிப் புறம்போக்கு. கரையை அளக்க யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த வரிசைதான். இடித்துவிட்டு எங்கேயோ தொலைவில் நாலாவது மாடியில் வீடு கொடுப்பார்கள். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு எந்த பஸ், பெரியவள் பரீட்சைக்கு எந்தப் பள்ளி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எழுதினால் வீடு போகும். எழுதாவிட்டால் வீட்டோடு அவர்களும் போகலாம். நான் எழுதி வைத்திருந்த மனு போனிலேயே இருந்தது. அனுப்பவில்லை.

அந்த வாரம் பாதைகள் எல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. கரையின் மேல் நடக்கும்போது காலுக்குக் கீழே வெறும் கூடுதான் இருக்கிறது என்று தோன்றும். தண்ணீர் மூட்டைகளின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, காற்றே இல்லாமல், அசையாமல் நின்றது. நாய் அந்த இடம் வந்தால் வாரை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும்.

பிறகு ஒரு சாயங்காலம் இடியோடு மழை. மறுநாள் காலை நாங்கள் போனபோது கலங்கலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் ஆட, கல் சுவரின் மேல் நின்று அரிவாளால் மூட்டைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். அவர் கணவர் ஈர மணலைக் காலால் தள்ளிவிட்டார். நடைக்கு வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். முந்தின நாள் மழையில் குழி நிரம்பி, சிவப்புத் தண்ணீர் பின்கதவு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார்.

செயலாளர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். "ஏனுங்க, எங்க மூட்டைய எதுக்குங்க கிழிக்கறீங்க?"

அக்கா நிமிரவில்லை. "உன் மூட்டையா சார்? உன் தண்ணி என் அடுப்பாண்ட வந்து குந்தினு கீது. அத்தியும் வந்து தூக்கினு போ."

யாரோ சிரித்தார்கள். செயலாளரோடு வந்தவர்கள் சிரிக்கவில்லை. நான் நாயை ஒரு பனையில் கட்டிவிட்டு இறங்கினேன். நனைந்த மூட்டையை ஓர் ஆளால் தூக்க முடியாது. நானும் அவர் கணவரும் இரு முனையைப் பிடித்து இழுத்தோம். தண்ணீர் முதலில் விரல் அகலத்துக்கு, பிறகு முழங்கால் உயரத்துக்கு வாய்க்காலில் பாய்ந்தது. வேலைக்கு நேரமாகிறது என்று அக்கா அரிவாளைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்.

சங்கத்திலிருந்து புகார் போனது: ஏரியின் கட்டுமானத்தைச் சேதப்படுத்துகிறார்கள் என்று, படங்களோடு. நான் அனுப்பாமல் வைத்திருந்ததைக் கடைசியில் அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஒரு பொறியாளர் வந்தார். குழியைப் பார்த்ததுமே குனிந்து உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தார். மதியத்துக்குள் ஆட்கள் வந்து, மண் உள்ளேயே தங்கித் தண்ணீர் மட்டும் வடியும்படி ஊற்றுக் கண்ணைச் சுற்றி ஜல்லியும் மணலும் கொட்டி வளையம் கட்டினார்கள். செய்ய வேண்டியதைச் சரியாகத்தான் செய்தார். மூட்டைகளை இனி யாரும் வைக்கக்கூடாது என்று செயலாளரிடமும் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து வேறு இருவர் நாடாவோடு வந்து வீடுகளை அளந்து, ஒவ்வொரு சுவரிலும் சிவப்புப் பெயின்டில் ஓர் எண் எழுதினார்கள். அக்கா வீட்டின் எண் ஏழு. வெறும் கணக்கெடுப்புதான் என்றார்கள்.

மழை நாட்களில் பெண்களையாவது என் வீட்டில் படுக்க வையுங்கள் என்று கேட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஊட்ட பூட்டி வெச்சா, ஆளே இல்லன்னு எழுதிகினு பூடுவாங்கோ" என்றார். பெரியவள் படிப்பதற்கு மட்டும் சாயங்காலம் வருகிறாள். இருட்டுவதற்குள் போய்விடுகிறாள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. ஏரி கலங்கலின் விளிம்புவரை நிற்கிறது. கசிவில் மண் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. வீட்டை இடிப்பது பற்றி எழுத்தில் இன்னும் எதுவும் வரவில்லை. கரையைப் பலப்படுத்தும் வேலை மழைக்காலம் முடிந்த பிறகுதான். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று இன்று காலைச் செய்தி. அவர்கள் நான்கு பேரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.