மின்விசிறியை அணைக்கவும்

போன சனிக்கிழமை மத்தியானம், பூந்தமல்லியில் ஒரு மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு படி மேலே, ஏழாவது படியில், அஃப்ரின். வயது ஆறு. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே, படி தொடங்குகிற இடத்தில் அவள் அம்மா சஜிதா, மடியில் ஒரு துணிப்பையோடு.

ஏழாவது படிக்கு மேல் அஃப்ரின் ஏறுவதில்லை. மூன்று வாரமாக இதே கதைதான். குத்தம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். ஏழு படி ஏறுகிறார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

அப்படி மாடியில் என்னதான் இருக்கிறது? பேயா, பிசாசா? ஒரு ஊஞ்சல், இரண்டு மெத்தை, சில பந்துகள். அப்புறம்... நான். சரியாகச் சொன்னால், என் பெயர்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இப்போதெல்லாம் குழந்தைகளைப் பார்ப்பதைவிட, குழந்தைகளைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அதிகம். சொல்லிக்கொடுப்பது சென்சரி இன்டக்ரேஷன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சில குழந்தைகளுக்கு மிக்ஸி சத்தம் காதுக்குள் துளை போடும். சட்டைக் காலரில் இருக்கிற லேபிள் முள்ளாய்க் குத்தும். தொடுவதும் சத்தமும் அசைவும் நமக்குத் தெரிவதுபோல் அவர்களுக்குத் தெரிவதில்லை. ஊஞ்சல், மெத்தை, விளையாட்டு என்று போய், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாளிக்கப் பழக்குவதுதான் வேலை. அதில் முக்கால்வாசி ஒன்றே ஒன்றுதான் — குழந்தையைப் பார்க்க வேண்டும். எதற்கு முகம் சுளிக்கிறது, எதைத் தேடிப் போகிறது என்று பார்த்து, அதன் பின்னாலேயே போக வேண்டும்.

அஃப்ரினுக்கு ஈரத் துணி ஆகாது. சட்டையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கழற்றி எறிந்துவிடுவாள். காலர் ஆகாது. இடுப்பில் இறுக்குகிற எதுவும் ஆகாது. வீட்டில் ஒரே ஒரு பழைய பனியன் துணி கவுனோடுதான் திரிவாள். ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள், ஒரே நிபந்தனையோடு — யூனிஃபார்ம் போட்டு வர வேண்டும். சஜிதாவின் மடியிலிருந்த பைக்குள் இருந்தது அந்த யூனிஃபார்ம்தான்.

ஜனவரியில் மாடியிலிருக்கிற இந்த தெரபி சென்டரில் சேர்த்தார்கள். பார்த்துக்கொண்டவள் மோனிஷா. என்னிடம் பயிற்சி எடுத்தவள், அந்த பேட்ச்சிலேயே கெட்டிக்காரி. பிப்ரவரி கடைசியில் போன் செய்து குதித்தாள். அஃப்ரின் யூனிஃபார்ம் சட்டையைப் பத்து நிமிடம் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் குப்புறப் படுத்திருந்தாளாம். எனக்கும் சந்தோஷம். அன்று வீட்டில் கேசரி கிளறினேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் எல்லாம் தலைகீழ். கத்தல், கடி, துணியைக் கிழித்தல். அப்புறம் அந்த ஏழாவது படி. தேறி வந்த குழந்தை ஏன் பின்னால் போகிறது என்று புரியவில்லை, ஒரு தடவை வந்து பாருங்கள் மேடம் என்றாள் மோனிஷா. போனேன்.

அறைக்குள் நுழைந்ததும் எனக்கே மூச்சு முட்டியது. மேலே ஷீட் கூரை. வெளியே பூந்தமல்லி வெயில். மின்விசிறி ஓடவில்லை. கரன்ட் இல்லையோ என்று பார்த்தால், டியூப் லைட் எரிகிறது.

சுவரில் ஒரு சார்ட். அழகாக லேமினேட் செய்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருந்தார்கள். முதல் வரி: மின்விசிறியை அணைக்கவும். இரண்டாவது வரி: ஊஞ்சல், இருபது நிமிடம். மூன்றாவது: நீலப் பந்து, பத்து முறை. அடியில் என் பெயர்.

இந்தச் சார்ட்டின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வகுப்பு நடக்கும். ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, திருமழிசை என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். வாரத்தில் ஆறு நாள் குழந்தைகளைத் தூக்கி இறக்கிய தோள்வலியோடு ஏழாவது நாளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கடைசி வகுப்பில் ஒரு கேள்வி வரும். பேட்ச் தவறாமல் வரும். ஒரு சார்ட் கொடுத்தால் ஈஸியாக இருக்குமே மேடம்?

குழந்தைக்குக் குழந்தை மாறும், சார்ட் எல்லாம் கிடையாது என்று பல வருடம் மறுத்தேன். நான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிறு, தொண்டை கட்டி, காலும் ஓய்ந்துபோய், விட்டால் போதும் என்றிருந்த நேரத்தில், ஒரு பையனுக்காக நான் எழுதிய திட்டத்தை உதாரணமாகத் திரையில் போட்டேன். அவனுக்கு மின்விசிறிச் சத்தம் என்றால் நடுக்கம். பந்துகளில் நீலத்தை மட்டும்தான் தொடுவான். இது இந்தப் பையனுக்கு மட்டும்தான் என்று மூன்று தடவை சொன்னேன். யாருக்குக் கேட்டது? முதல் தடவை சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஹால் முழுக்க செல்போன்கள் உயர்ந்துவிட்டன.

அடுத்த பேட்ச்சிலேயே அந்த ஸ்லைடை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பிரயோஜனம்? அது கை மாறிக் கை மாறி எங்கோ போய்விட்டது. எந்த சென்டருக்குப் போனாலும் நீலப் பந்து. சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. அதைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். இதே பத்தியில் எழுதி உங்களையும் சிரிக்க வைத்ததாக ஞாபகம். பந்து நீலமாக இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன். முதல் வரியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஜனவரியில் மின்விசிறி ஓடாவிட்டால் யாருக்கு என்ன? குழந்தை தேறினாள். ஏப்ரலில் வேர்த்தது. போட்டிருந்த துணியெல்லாம் ஈரம். அவள் கழற்றி எறியப் போராடியிருக்கிறாள். சார்ட்டில் ஊஞ்சல் இருபது நிமிடம் என்று இருக்கிறதே, முடிக்க வேண்டாமா? பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே மோனிஷாவின் கையெழுத்தில் இருக்கிறது — ஈரத் துணி தாங்குவதில்லை. ஆக, அவள் பார்த்திருக்கிறாள். பார்த்து எழுதியும் வைத்திருக்கிறாள். அப்புறம் அதை மூடிவைத்துவிட்டு, சுவரைப் பார்த்து வேலை செய்திருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தில் ஏதேதோ கத்தினேன்.

மோனிஷா அழவில்லை. தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி என்ன பண்ணோம்னு ஃபைல்ல எழுதணும் மேடம். குழந்தையப் பாத்துட்டு இருந்தேன்னு எழுதுனா, ஒண்ணுமே பண்ணலன்னுதான் அர்த்தம். சார்ட் பாத்துப் பண்ணா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதுல உங்க பேர் வேற இருக்கு."

என் கோபம் அப்படியே வடிந்துபோனது. யார் மேல் கோபப்படுவது?

சார்ட்டைக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேஷன்... கிழியவில்லை. நகத்தால் டேப்பைச் சுரண்டிப் பெயர்த்து எடுத்தேன். மின்விசிறியைப் போட்டேன். படியிறங்கி வந்து உட்கார்ந்தேன்.

கதையாக இருந்தால், மின்விசிறிச் சத்தம் கேட்டுக் குழந்தை எழுந்து வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. நான் அவளிடம் பேசவில்லை, தொடவில்லை, நேராகப் பார்க்கக்கூட இல்லை. ஒரே ஒரு தடவை ஒரு படி மேலே நகர்ந்தேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. திரும்ப இறங்கிவிட்டேன். முப்பது வருட அனுபவசாலி என்று மேடையில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். அந்த அனுபவம் அன்று ஒரு படிகூட ஏறவில்லை.

சஜிதா என்னைத் திட்டியிருக்கலாம். நடந்ததை மறைக்காமல் சொன்னேன், தப்பு எங்கள் மேல்தான் என்றும் சொன்னேன். திட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "மொதல்லலாம் எனக்கு முன்னாடி ஓடிக்கினு போவும் மேடம். அது உள்ள கத்தும்போது நான் வெளியதான் நின்னுகினு இருந்தேன். ட்ரீட்மென்ட்டுன்னா அப்டித்தான் இருக்கும்னு... கதவத் தட்டாம உட்டுட்டேன்."

ஜூனுக்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஆறு வயதுக் குழந்தை ஒரு கதவை நம்பி, நான்கு மாதத்தில் ஏமாந்திருக்கிறது. மறுபடி எப்போது நம்பும் என்று எந்தப் பாடத்தில் நான் படித்தேன்? பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பியதும் அஃப்ரின் அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். வீட்டுக்குப் போகும்போது மட்டும் நன்றாக ஓடுகிறாள்.

மறுநாள் ஞாயிறு. புது பேட்ச். பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பெயர் சொல்லாமல் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். மின்விசிறியைச் சொன்னேன், ஏழாவது படியைச் சொன்னேன், பைக்குள் இருந்த யூனிஃபார்மைச் சொன்னேன். சார்ட்டைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட செல்போனை எடுக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

டீ இடைவேளையில் ஹால் காலி. முன்வரிசையில் ஒரு பெண் நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போயிருந்தாள். நன்றாகக் கவனித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி. எட்டிப் பார்த்தேன். புதுப் பக்கம், தலைப்புக்குக் கீழே இரண்டு அடிக்கோடு. முதல் வரி: மின்விசிறியைப் போடவும்.

கையெழுத்து என்னவோ முத்து முத்தாக இருந்தது.