கரையில் நின்றவர்களின் மூன்று கேள்விகள்

காலை வழிபாட்டு நேரத்தில் செய்தி வந்தது. பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடி முடிப்பதற்குள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்துவிட்டன. ஸ்டெல்லா டீச்சர் போய்விட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஊரிலுள்ள வீட்டில், மாரடைப்பு. அடுத்த பத்து நிமிடத்தில் எங்கள் பழைய தலைமை ஆசிரியர் ‘கல்விக் கடல் வற்றியது’ என்று படத்தோடு போட்டார். பிறகு அவரே என்னைக் கூப்பிட்டு, “நினைவு மலர் போடறோம் சார். உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வரும், நீங்களே எழுதிக் குடுத்துடுங்க” என்றார். இதே வார்த்தைகளை இவர் வாயிலிருந்து முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதைத்தான் எழுதப் போகிறேன். அச்சிடுவதும் கிழித்துப் போடுவதும் அவர் பாடு.

டீச்சரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய ஐந்தாம் வகுப்பு நினைவிருக்கும். கடல் கடந்து நாடு தேடி வந்தவர்களின் பாடம் வந்தால் பெஞ்சுகள் கப்பலாகிவிடும். பாதிப் பிள்ளைகள் அதன்மேல் ஏறி நிற்பார்கள், மீதிப் பேர் தரையில், அதாவது கரையில். கப்பலில் இருப்பவர்கள் எதற்கு வந்தோம் என்று எழுத வேண்டும். கரையில் இருப்பவர்கள் அவர்கள் வந்ததால் என்ன ஆனது என்று எழுத வேண்டும். வாசிக்கும்போது கரைக்காரர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு. “கப்பல்ல வந்தவன ராட்சசன்னு எழுதாதீங்க. அவனுக்கும் வூட்ல புள்ளைங்க இருந்துச்சி. மொளகு மேல ஆச, பேர் வாங்கணும்னு ஆச, ராஜா கிட்ட பயம். எல்லாத்தையும் எழுதுங்க” என்பார்.

அந்த வகுப்பில் ஒரு வழக்கமும் உண்டு. புதிதாக யார் உள்ளே வந்தாலும், அது கல்வி அதிகாரியே ஆனாலும், பிள்ளைகள் எழுந்து மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள், என்ன விட்டுவிட்டுப் போவீர்கள். நான் வேலையில் சேர்ந்த அன்று என்னையும் கேட்டார்கள். சங்கரன்கோவில் பக்கம் என்றேன், வேலைக்கு என்றேன். மூன்றாவதற்குப் பதில் வராமல் “தெரியலையே” என்றேன். டீச்சர் அதை அப்படியே கரும்பலகையில் எழுதி, சாயந்திரம் வரை அழிக்காமல் வைத்திருந்தார். பிள்ளைகள் ஓயாமல் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

தொழிற்சாலை வேலைக்காகத் தெற்கேயிருந்து குடிவந்த ஒருவரின் மகன் ஒருநாள் கேட்டான்: “அப்ப நாங்களும் கப்பல்ல வந்தவங்களா டீச்சர்?” வகுப்பே அவனைத் திரும்பிப் பார்த்தது. டீச்சர் அவன் அருகில் போய் உட்கார்ந்துகொண்டார். “வர்றது தப்பே இல்லடா. எதுக்கு வந்தேன்னு கேட்டா மூஞ்சியப் பாத்து பதில் சொல்லத் தெரியணும். அவ்ளோதான்.” ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் சேர்த்துச் சொன்னதாக அன்று தோன்றவில்லை.

பிறகு அந்த நாள். ஒரு தொழிற்சாலையின் அறக்கட்டளை எங்கள் பள்ளிக்குப் புத்தகப் பையும் ஸ்மார்ட் போர்டும் கொடுத்தது. கேமராவோடு மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஆசிரியர் முதுகு வளைந்து முன்னால் நடந்தார். ஐந்தாம் வகுப்புக்குள் நுழைந்ததும் சங்கீதா என்ற மாணவி எழுந்தாள். முதல் இரண்டு கேள்விக்கும் அவர்கள் சிரித்தபடி பதில் சொன்னார்கள். “இன்னா வுட்டுட்டுப் போவீங்க?” என்றதும் ஒருவர் போர்டைக் காட்டினார். “அது இல்ல சார். எங்க ஏரியில நொரையா வருது. எங்க மாடு அந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்குது” என்றாள். கேமரா இறங்கியது. வந்தவர்கள் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்கள்.

அன்று மதியமே தலைமை ஆசிரியர் என்னை அழைத்தார். “உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வரும் சார், நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.” அவர் மேசைமேல், இன்னொரு ஆசிரியரோடு இடம் மாற்றிக்கொண்டு சொந்த ஊருக்குப் போவதற்கான என் மனமொத்த மாறுதல் விண்ணப்பம் அவருடைய கையெழுத்துக்காகக் கிடந்தது. நான் டீச்சர்மேல் புகார் எழுதினேன். ‘விருந்தினரை அவமதிக்கும்படி மாணவியைத் தூண்டினார்’ என்று, ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். யாரும் தூண்டவில்லை என்று எனக்குத் தெரியும். அதே கேள்விகளுக்கு நானே நின்று பதில் சொன்னவன். அந்த வாரமே டீச்சரை இரண்டு பஸ் மாறிப் போகும் ஊருக்கு மாற்றுப் பணியில் அனுப்பினார்கள். என்னோடு இடம் மாற்றிக்கொள்ள இருந்தவர் கடைசியில் மனம் மாறிவிட்டதால், நான் இங்கேயே கிடக்கிறேன்.

சில மாதம் கழித்துக் குன்றத்தூர் பஸ் நிறுத்தத்தில் டீச்சரைப் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. “எதுக்கு எழுதினீங்கன்னு நானே கண்டுபுடிச்சிட்டேன் சார். ஊருக்குப் போவத்தான? போனீங்களா?” என்றார். இல்லை என்றேன். “அடடா” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த ‘அடடா’வை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அடக்கத்தன்று அதே அறக்கட்டளையின் பெயர் எழுதிய மலர் வளையம் பெட்டியின் காலடியில் சாய்ந்திருந்தது. ‘கேள்வி கேட்கும் தலைமுறையை உருவாக்கியவர்’ என்று தலைமை ஆசிரியர் மைக்கில் குரல் தழுதழுக்கப் பேசினார். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, ஆனால் எல்லோரோடும் சேர்ந்து நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சங்கீதா வந்தாள். இப்போது வளர்ந்து தொழிற்சாலையில் வேலை செய்கிறவள்; நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை.

“சூப்பர்வைசர் கிட்ட கெஞ்சிட்டு வந்தேன் சார்” என்றவள் அழுகையோடு கேட்டாள்: “அன்னிக்கு நான் ஏரியப் பத்தி கேட்டதாலதான டீச்சர அனுப்பிட்டாங்க? அன்னிலேர்ந்து நான் எங்கியும் வாயத் தொறக்கறதில்ல சார். லைன்ல இன்னா சொன்னாலும் தலையாட்டிகினு போயிடுவேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றேன். ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டீச்சரின் நினைவாக என்னிடம் இருப்பது என்ன என்று இந்த மலருக்காகக் கேட்டிருக்கிறார்கள். சேர்ந்து எடுத்த படம் இல்லை, அவர் கொடுத்த பேனா இல்லை. நான் எழுதிய அந்தப் புகாரின் நகல்தான் இருக்கிறது.

சங்கீதா, டீச்சரை அனுப்பியது உன் கேள்வி இல்லை. என் கடிதம். எதற்கு எழுதினேன் என்று மேலே சொல்லிவிட்டேன். அன்று கரும்பலகையில் ‘தெரியலையே’ என்று நின்ற பதில் இப்போது எனக்குத் தெரியும். நான் விட்டுவிட்டுப் போவது உன் மூடிய வாயை. இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கு வா. எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, மூன்றையும் முதலிலிருந்து கேள்.